ரெண்டு வைத்தியமும் பார்க்கலாம், ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டு!

(மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களிடம் ஆற்றிய கண் நல விழிப்புணர்வு உரை)



நான் டாக்டர் இல்லீங்க; செய்தித் துறையில் எழுதுகிறவள். எங்க ஆயாவைப் பற்றிச் சொல்லி ஆரம்பிக்கிறேன். அவங்களுக்குக் கண் நீர் அழுத்த நோய், அதாவது குளுக்கோமா. தினமும் சொட்டு மருந்து போடணும். யாரோ கொடுத்த மூலிகைத் தைலத்தை நம்பி அதை நிறுத்திட்டாங்க. வீட்டிலும் சொல்லல, டாக்டரிடமும் சொல்லல. இந்த நோயில் பெரும்பாலும் வலி இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து மெல்லக் குறையும். எங்களுக்குத் தெரிய வந்தபோது ஒரு கண்ணில் பார்வை போயிருந்தது. போன பார்வை திரும்பாது.

அப்போ நாட்டு மருத்துவமே வேண்டாமா? அப்படி இல்லை. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மகாலில் நம் வைத்தியத்தையும் ஆங்கில மருத்துவத்தையும் சேர்த்தே வளர்த்தார். கண் நோயாளிகளின் விவரங்கள் கண்ணின் படத்தோடு அங்கே பதிவு செய்யப்பட்டன. அந்தக் குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அன்றைக்கே எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள், நாமோ மறைக்கிறோம்.

எதற்கு எங்கே போவது? கண்புரைக்கு அறுவை சிகிச்சைதான். ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையே அதற்குக் கருவியால் செய்யும் சிகிச்சையைச் சொல்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் பார்வை நல்லா இருந்தாலும் வருஷம் ஒரு தடவை விழித்திரைப் பரிசோதனை அவசியம். கண் வறட்சிக்கு ஆயுர்வேதத்தில் தர்ப்பணம் உண்டு: கண்ணைச் சுற்றி உளுந்து மாவால் வரப்பு கட்டி மருந்து நெய் விடுவார்கள். முதலில் கண் பரிசோதனை செய்து, பிறகு பட்டம் பெற்ற ஆயுர்வேத மருத்துவரிடம் மட்டும் செய்துக்கணும். வீட்டு நெய்யை விடக்கூடாது. நம்ம மாஹேயிலேயே ராஜீவ் காந்தி ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இங்கே வெல்டிங், கிரைண்டிங் செய்யும் அண்ணன்மாரே, இரும்புத் தூள் விழுந்தால் கண்ணைத் தேய்க்காதீங்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதுவும் வேண்டாம். தீக்குச்சியால் எடுக்கவும் விடாதீங்க. கருவிழியில் புண் வந்து பார்வையே போகலாம். அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்க. கோரிமேட்டில் ஜிப்மர் பக்கத்திலேயே இருக்கு. ஆசிட், சுண்ணாம்பு பட்டால் மட்டும் உடனே சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவிட்டுக் கிளம்பணும்.

கடைசியா ஒரு வேலை. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும், பெரியவங்க கண்ணுக்குப் போடும் எல்லா மருந்துப் பாட்டில்களையும், தைலம் உட்பட, செல்போனில் போட்டோ எடுங்க. மருந்துச் சீட்டையும் எடுங்க. ஆபா சுகாதார எண் இருந்தால் மருத்துவ விவரங்களை அதிலேயே சேமிக்கலாம். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்க. எந்த மருந்தையும் நீங்களா நிறுத்தாதீங்க.

எங்க ஆயா வீட்டில் அந்தப் போட்டோவை யாரும் எடுக்கல. நீங்க எடுத்துடுங்க.