தழும்பில் முடி முளைக்குமா?

வேலி முள்கம்பியில் சிக்கிய குதிரை ஒன்றுக்கு இரண்டு இடங்களில் வெட்டு. ஒன்று மார்பில், உள்ளங்கை அகலத்துக்கு. இன்னொன்று பின்னங்காலில், முட்டிக்குக் கீழே, அதில் பாதி அளவுகூட இல்லை. சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் மார்பில் மெல்லிய கோடு மட்டும் இருக்கும். சுற்றியுள்ள முடி அதையும் மூடிவிடும். காலிலோ பளபளவென்று மொட்டைத் தழும்பு. பார்த்த வைத்தியர் ஒருவர்தான், போட்ட மருந்தும் ஒன்றுதான்.

வித்தியாசம் தோலில் இருக்கிறது. மார்புத் தோல் தளர்வானது. புண் ஆறும்போது அது நாலாபுறமும் இழுபட்டு வந்து பள்ளத்தை மூடும். அப்படி வருவது முடியோடு கூடிய பழைய தோல். காலில் எலும்பின்மேலும் தசைநாணின்மேலும் தோல் இறுகிக் கிடப்பதால் இழுத்து மூட இடமில்லை. ஓரத்திலிருந்து புதுத்தோல் படர்ந்துதான் வர வேண்டும். அதன் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கொஞ்சமும் சுருங்காத 4 சென்டிமீட்டர் அகலப் புண், இரு ஓரமும் படர்ந்து மூடுவதற்கு 200 நாள் ஆகும். அப்படிப் படர்ந்த தோலில் மயிர்க்கால் கிடையாது, வியர்வைச் சுரப்பியும் கிடையாது. மயிர்க்கால் இல்லாத இடத்தில் எந்தத் தைலமும் முடியை வரவழைக்காது.

அப்படியானால் லாயங்களில் தலைமுறை தலைமுறையாகத் தடவும் எண்ணெய்கள்? நம் பக்கம் வேப்பெண்ணெயும் மஞ்சளும். மேல்நாட்டில் பன்றிக் கொழுப்பும் கந்தகம் கலந்த எண்ணெயும். இவற்றுக்குக் கிடைத்த பெயர் பெரும்பாலும் மேல்தோல் மட்டும் உரிந்த காயங்களால் வந்தது. சேணம் உராய்ந்த இடத்திலும் கயிறு அறுத்த இடத்திலும் ஆழத்தில் மயிர்க்கால் உயிரோடு இருக்கும். அங்கே எண்ணெய் போட்டாலும் முடி வரும், போடாவிட்டாலும் வரும். ஆனாலும் எண்ணெயை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. காய்ந்த தழும்பு வெடிக்காமல் அது காக்கிறது. வேப்பெண்ணெய் வாடைக்கு ஈ அவ்வளவாக அண்டாது. ஆறிய பிறகு தடவினால் லாபம். திறந்த புண்ணில் கண்டதைத் தடவினால் நஷ்டம்.

பெரிய நஷ்டம் மயில்துத்தம் போன்ற எரிமருந்துகளால் வருகிறது. குதிரையின் கால் புண்ணில் சிவந்த சதை தோல் மட்டத்தைத் தாண்டிப் பொங்குவது வழக்கம். அந்த மேட்டின்மீது புதுத்தோலால் ஏற முடியாது. சதையைப் பொசுக்கத் துத்தம் வைத்தால், ஓரத்தில் அரும்பிய தோலும் சேர்ந்து பொசுங்கிப்போகும். கால்நடை மருத்துவர் அந்தச் சதையைக் கத்தியால் மட்டம் செய்வார். அதில் நரம்பு இல்லாததால் குதிரைக்கு வலிக்காது. ரத்தம் மட்டும் கொட்டும். புண் ஆறும் வேகமும் எல்லாக் குதிரைக்கும் ஒன்றல்ல. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஜசிந்தா வில்மிங்க் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மட்டக்குதிரைகளின் புண் பெரிய குதிரைகளின் புண்ணைவிட வேகமாகச் சுருங்கி ஆறுவது தெரியவந்தது. மட்டக்குதிரையின் உடல், புண்பட்டதும் வேகமாகப் போராடிச் சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது. பெரிய குதிரையில் அந்தப் போராட்டம் மந்தமாகத் தொடங்கி நெடுநாள் இழுக்கிறது.

முடி வந்தும் நிறம் வராத குதிரைகள் உண்டு. கருங்குதிரையின் முதுகில், சேணம் அழுத்திய இடத்தில் வெள்ளைத் திட்டு இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். மயிர்க்கால் பிழைத்தது, அதற்கு நிறம் ஊட்டும் அணுக்கள் செத்துவிட்டன. இதையே ஒரு தொழில்நுட்பமாக்கியவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் கீத் ஃபாரல். 1966இல் அவர் கொண்டுவந்த குளிர்ச்சூட்டு முறையில், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் முக்கிய அச்சைத் தோலில் சில விநாடி வைத்தால் அடையாளம் வெள்ளை முடியாக வளரும். வெள்ளைக் குதிரைக்கு இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிப்பார்கள். மயிர்க்காலே அழிந்து மொட்டை எழுத்து நிற்கும். நிறம் எங்கே போகிறது, முடி எங்கே போகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று கிடைப்பது அரிது.

மயிர்க்கால் அழிந்த இடத்தில் முடி வேண்டுமென்றால் வேறு இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். தோல் ஒட்டு வைத்தியத்தில் எளியது ஒன்று உண்டு. குதிரைக்கு மயக்கமருந்து கொஞ்சம் கொடுத்து, நின்ற நிலையிலேயே, பிடரிமுடிக்கு அடியிலிருந்து சிறு வட்டத் துண்டுகளை முடியோடு எடுக்கிறார்கள். எடுத்த தடத்தைப் பிடரியே மறைத்துக்கொள்ளும். ஆறிவரும் சிவந்த சதையில், துண்டைவிடச் சற்றுச் சிறிய குழிகள் போட்டு அவற்றைப் பதிக்கிறார்கள், வயலில் நாற்று நடுவதைப் போல. வெட்டியெடுத்த தோல் சுருங்கும் என்பதால்தான் குழி சிறிது. கீழ்வரிசையில் தொடங்கி மேலே போவார்கள். மேலே தொடங்கினால் வழியும் ரத்தம் கீழே வேலை செய்யும் இடத்தை மறைத்துவிடும். முடி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று பார்த்துத் துண்டைத் திருப்பி வைக்கிற கைதான் தேர்ந்த கை.

பலன் கச்சிதமாக இருக்காது. குத்துக் குத்தாக, இடைவெளிவிட்டே முடி வளரும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் சுழி பார்த்துக் குதிரை வாங்கும் கண்ணுக்கு அது தப்பாது. ஆனால் ஒட்டு வைத்த பெரும்புண் சீக்கிரம் மூடும், மூடிய தோலும் உறுதியாக இருக்கும். வைத்தியர்கள் இதைச் செய்வதற்கு முதல் காரணம் அதுவே. சின்னத் தழும்புக்கு இந்தச் செலவு வீண். அங்கே மொட்டைத் தோலில் வெயில் சுடாமல் துத்தநாகக் களிம்பு பூசி, சேணவார் உரசாமல் பார்த்துக்கொண்டால் போதும். புது வெட்டு என்றால் டெட்டனஸ் ஊசி அவசியம். அன்றைக்கே போடும் தையல்தான் பின்னால் முடிக்கு உதவும்.