கேளிக்கைப் பூங்காவுக்கு முன்: மத்திய புளோரிடாவின் வரலாறு



ஆண்டுதோறும் ஒரு வட்டாரத்தின் வரலாறு இம்மேடையில் பேசப்பட வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோவைச் சுற்றியுள்ள பகுதியை இந்த ஆண்டுக்கு எடுத்துக்கொண்டேன். டிஸ்னி வேர்ல்டும் யுனிவர்சலும் சீவேர்ல்டும் இருக்கும் இடம். அதன் கதையை டிஸ்னி பூங்கா திறந்த 1971இல் தொடங்குவதுதான் வழக்கம்: யாருமில்லாத சதுப்பில் ஒருவர் கனவு கண்டார், கோட்டை எழுந்தது என்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. அந்த மண் ஒருபோதும் யாருமற்றுக் கிடக்கவில்லை. அங்கிருந்தவர்கள் அகற்றப்பட்டார்கள், அகற்றியவர்களுக்கு அரசு துணை நின்றது.

அங்கு வாழ்ந்த செமினோல் பழங்குடி மக்களை விரட்ட அமெரிக்கப் படை 1835 முதல் 1842 வரை போர் நடத்தியது. 1838இல் கட்டிய கேட்லின் கோட்டையை ஒட்டி எழுந்த குடியேற்றமே பின்னாளில் ஆர்லாண்டோ ஆயிற்று. செமினோல் தலைவர் ஆசியோலா, வெள்ளைக் கொடியை நம்பிப் பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்தில் பிடிபட்டு, சிறையிலேயே இறந்தார். இன்று பூங்காக்களுக்குத் தெற்கே ஒரு மாவட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. போர் முடிந்த அதே 1842இல், துப்பாக்கியோடு வந்து ஐந்தாண்டு தங்கிப் பயிர்செய்யும் குடியேறிகளுக்குத் தலைக்கு 160 ஏக்கர் தரச் சட்டம் வந்தது.

1881இல் பிலடெல்பியாவின் ரம்பத் தொழிலதிபர் ஹாமில்டன் டிஸ்டன் 40 லட்சம் ஏக்கரை, ஏக்கர் 25 சென்ட் வீதம் மாநில அரசிடம் வாங்கிக் கால்வாய் வெட்டி நீரை வடித்தார். ரயில் வந்தது, ஆரஞ்சுத் தோப்புகள் பெருகின. 1894 டிசம்பரிலும் 1895 பிப்ரவரியிலும் அடித்த உறைபனியில் அந்தத் தோப்புகள் கருகின. ஆனாலும் விவசாயிகள் மறுபடி நட்டார்கள்.

ஆர்லாண்டோவுக்கு வடக்கே ஈட்டன்வில் என்ற சிற்றூர் இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1887இல் தாங்களே நகராட்சி அமைத்து ஆண்ட ஊர் அது. எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் வளர்ந்ததும் அங்கேதான். மேற்கே ஓக்கோயி. 1920 நவம்பர் 2, அதிபர் தேர்தல் நாள். வாக்களிக்கப் போன மோஸ் நார்மன் என்ற கறுப்பினத்தவரைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றிரவு வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களின் வீடுகளைக் கொளுத்தியது. ஜூலை பெரி என்ற நில உரிமையாளரை அடித்துத் தொங்கவிட்டார்கள். எஞ்சியவர்கள் வீட்டையும் தோப்பையும் விட்டு ஓடினார்கள். இதைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று மாநிலம் சட்டமியற்ற நூறு ஆண்டுகள் ஆயின.

இந்த மண்ணுக்குத்தான் 1963 நவம்பர் 22 அன்று வால்ட் டிஸ்னி விமானத்தில் வந்து மேலிருந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு பெயர் தெரியாத சிறு கம்பெனிகளின் பேரில் நிலம் வாங்கப்பட்டது. வாங்குவது யாரென்று விற்றவர்களுக்குத் தெரியாது. மொத்தம் 27,000 ஏக்கருக்கு மேல். ஏக்கருக்குச் சராசரி 200 டாலர்கூட ஆகவில்லை. 1965 அக்டோபரில் உள்ளூர் நாளிதழ் இதை வெளிக்கொணர, அடுத்த மாதம் ஆளுநரே மேடையேறி அறிவித்தார்.

அடுத்து நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 20,000 பேர் வாழும் எதிர்கால நகரம் ஒன்றை அமைப்பதாக டிஸ்னி சொன்னார். 1966 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். 1967 மே மாதம் அந்த நிலத்தை நிர்வகிக்க ரீடி கிரீக் மேம்பாட்டு மாவட்டம் சட்டத்தால் உருவானது. சாலை, வடிகால், தீயணைப்பு, கட்டட விதி, கடன் பத்திரம் எல்லாம் அதன் கையில்; விமான நிலையமும் அணுமின் நிலையமும் அமைக்கவும் உரிமை இருந்தது. நில உரிமைக்கேற்ப வாக்கு என்பதால் மாவட்டம் டிஸ்னி நிறுவனத்தின் கைக்குள் இருந்தது. நகரம் வரவேயில்லை. 1982இல் எப்காட் என்ற பெயரில் வந்தது இன்னொரு பூங்கா. மக்கள் வாழப்போகும் நகரத்தைக் காட்டிப் பெற்ற அதிகாரத்தை, அந்த மக்களே இல்லாமல் ஒரு நிறுவனம் அரை நூற்றாண்டுக்கும் மேல் வைத்திருந்தது. இதைக் குடியாட்சிக்கு நேர்ந்த இழப்பு என்றே நான் சொல்வேன். 2023இல் மாநில அரசு அம்மாவட்டத்தின் பெயரை மாற்றி, நிர்வாகக் குழுவை ஆளுநர் நியமிக்கும்படி செய்தது. அங்கும் வாக்காளருக்கு இடமில்லை.

நீரின் கதையும் இதில் சேரும். டிஸ்னி வாங்கிய நிலத்தின் நீர் கிசிமி ஆற்றுப் படுகைக்குப் போய் எவர்கிளேட்ஸ் சதுப்பை நோக்கிச் செல்கிறது. 103 மைல் வளைந்து ஓடிய கிசிமியை 56 மைல் நேர்க்கால்வாயாக ராணுவப் பொறியாளர்கள் வெட்டி முடித்ததும் பூங்கா திறந்த அதே 1971இல்தான். மீன்வளமும் பறவைகளும் அழிந்தபின், ஒரு பகுதியை மீண்டும் வளைத்துவிட 2021 வரை பாடுபட வேண்டியிருந்தது. டிஸ்னி நிறுவனம் தன் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இயற்கைப் பாதுகாப்புக்கென்றே விட்டிருப்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

ஆரஞ்சுத் தோப்புகளின் முடிவையும் பார்ப்போம். ஆர்லாண்டோவுக்கு மேற்கே கிளெர்மாண்டில் 1956இல் 226 அடி உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டினார்கள், அந்தத் தோப்புகளைப் பார்ப்பதற்கென்றே. 1980களின் உறைபனிகளுக்குப் பின் விவசாயிகள் மறுபடி நடவில்லை. நிலத்தை வீட்டுமனைக்காரர்களுக்கு விற்றார்கள். இன்று அந்தக் கோபுரத்தில் ஏறினால் கூரைகளே தெரிகின்றன. பூங்காக்கள் லட்சக்கணக்கானோருக்கு வேலை தருகின்றன. ஆனால் அந்தக் கூலியில் வீட்டு வாடகை கட்டமுடியாத குடும்பங்கள் 192ஆம் நெடுஞ்சாலையோர மலிவு விடுதி அறைகளில் பிள்ளைகளோடு குடியிருக்கின்றன.

நம் வீடுகளிலிருந்தும் பலர் விடுமுறைக்கு ஆர்லாண்டோ போகிறார்கள். குழந்தைகளோடு பூங்காக்களைக் கண்டு மகிழுங்கள். ஒரு நாளை ஈட்டன்வில்லுக்கும் ஓக்கோயிக்கும் ஒதுக்குங்கள். அங்கே நடந்ததைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.