பச்சோந்தியின் இரு கண்கள்

கொள்கையை நாளுக்கொன்றாக மாற்றுபவனைப் பச்சோந்தி என்று பழித்தல் தமிழர் வழக்கு. அவ்வுயிரின் நிறத்தை இவ்வளவு பேசிய மக்கள், அதன் கண்ணை அத்துணை எண்ணிப் பார்த்ததில்லை. அதன் பெருமையோ நிறத்தினும் கண்ணிலேயே மிகுதியாக உளது.

வேலியில் தலையசைக்கும் ஓணானையும் சிலர் பச்சோந்தி என்பர். அது வேறு; இது வேறு. இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் இந்தியாவிலும் வாழும் உண்மைப் பச்சோந்தி, இடுக்கி போன்ற பாதங்களாற் கிளையைப் பற்றித் தயங்கித் தயங்கி நடப்பது. இரையைத் துரத்திப் பிடிக்க அதனால் இயலாது. பகைவரிடமிருந்து விரைந்தோடித் தப்பவும் இயலாது. அத்தகைய உயிருக்குக் கண்ணே காவல், கண்ணே வேட்டைத்துணை.

அக்கண் கூம்பு வடிவினது. மேலிமையும் கீழிமையும் இணைந்து விழியை மூடியிருக்க, நடுவே கண்மணியளவான சிறு துளையே திறந்துள்ளது. கிடையாக ஏறத்தாழ 180 பாகை வரை ஒவ்வொரு கண்ணும் தனித்துத் திரும்பவல்லது. ஒன்று முன்னேயுள்ள இலையைத் துருவ, மற்றது பின்னே வானத்தை நோக்கும். ஆதலின் தலையைத் திருப்பாமலே சுற்றுப்புறம் முழுவதையும் அது காணும். அசைந்தால் பகைவர் கண்ணிற் படும். அசையாது காண்பதே அதற்கு உயிர்காப்பு.

பூச்சியொன்று தென்பட்டதும் நிலைமை மாறுகிறது. தலை இரையை நோக்கித் திரும்ப, தனித்துத் திரிந்த கண்கள் இரண்டும் அதன்மீதே குவிகின்றன. பின்னர், உடலினும் நீண்ட நாக்குப் பாய்ந்து இரையைப் பற்றுகிறது. தூரக் கணிப்பிற் பிழைத்தால் இரையில்லை.

அத்தூரத்தை அஃது அளப்பது எவ்வாறு? மனிதனைப்போல் இரு கண்களின் காட்சி வேறுபாட்டைக் கொண்டு அளக்கிறதா? 1977ஆம் ஆண்டில் ஹார்க்னெஸ் என்னும் ஆய்வாளர் பச்சோந்திகளின் கண்முன் கண்ணாடி வில்லைகளை வைத்துச் சோதித்தார். வில்லையின் தன்மைக்கேற்ப நாக்குத் தூரம் தவறிச் சென்றது. புகைப்படக் கருவியைத் தூரத்திற்கேற்பத் திருத்துவதுபோலக் கண் தன்னைத் திருத்திக்கொள்ளும் அளவே பச்சோந்திக்கு அளவுகோல் என்பது இதனாற் புலனாயிற்று. ஓய்வு நிலையில் அதன் கண்வில்லை ஒளியைக் குவிக்காது விரிக்கிறது என்பதை 1995இல் ஓட், ஷேஃபல் ஆகிய இருவர் கண்டறிந்தனர். அவ்வமைப்பினால் விழித்திரையில் உருவம் பெரிதாகிறது. பெரிதான உருவிற் சிறு மங்கலும் தெளிவாய்த் தெரியுமன்றோ!

இரு கண்களும் ஒன்றையொன்று அறியாதனவோ என்னும் ஐயம் எழலாம். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், திரையிலே இரு போலிப் பூச்சிகள் எதிரெதிர்த் திசைகளிற் செலுத்தப்பட்டன. கண்கள் ஆளுக்கொன்றைத் தொடர்ந்தன. ஆயின், நாக்கை நீட்டுமுன், தேர்ந்த இரையை விட்டு விலகியிருந்த கண்ணும் அதனிடமே மீண்டது. பார்வை இரண்டாயினும் முடிவு ஒன்றே.

கிளையிற் பச்சோந்தியைக் கண்டால் கல்லெடுக்கும் சிறுவர் பலர். அது நஞ்சற்றது, பூச்சிகளை உண்டு வாழ்வது. கல்லைக் கீழே போட்டுச் சற்று நின்று நோக்குவாராயின், ஒரு கண் இலையைத் துருவ, மறு கண் தம்மையே அளந்துகொண்டிருப்பதை அவர்கள் காண்பர்.