குளத்தைக் கற்றல்

சீகிரியாவைக் காணச் செல்வோர் பெரும்பாலும் குன்றின் உச்சியை நோக்கியே நடக்கின்றனர். ஆயினும் அதன் அடிவாரத்திலும் அறிவுக்கு விருந்துண்டு. கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்ப மன்னன் அமைத்த நீர்ப் பூங்காவில், துளையிட்ட கற்பலகைகளின் வழியே மாரிக் காலத்தில் இன்றும் நீர் பீறிட்டெழுகின்றது. இயந்திரம் எதுவுமில்லை, மேட்டு நீரின் அழுத்தமே அதனை எழுப்புகின்றது. நீரின் இயல்பறிந்து அதனோடு இணங்கி நடந்த மக்களின் கைத்திறம் அது.

அந்நீரின் இயல்பைப் பட்டமேற்படிப்பாகக் கற்கும் துறை இன்று வளர்ந்துள்ளது. சுவிட்சர்லாந்து அறிஞர் ஃபோரெல் ஜெனீவா ஏரியை ஆராய்ந்து, 1892இல் வெளியிடத் தொடங்கிய நூலால் ஏரியியலுக்கு அடித்தளமிட்டார். ஆனால் குளிர்நாட்டு ஏரிக்கு எழுதிய இலக்கணம் நம் குளங்களுக்கு முற்றும் பொருந்தாது. அங்கே ஆழ்ந்த ஏரிகளில் மேல்நீரும் கீழ்நீரும் பருவம் மாறும்போது கலக்கின்றன. இங்கே ஆழமற்ற குளங்களை அன்றாடக் காற்றே கலக்கிவிடுகின்றது. மேலும், ஆற்றோரத்து வில்லுகள் நீங்கலாக இலங்கையில் இயற்கை ஏரிகள் இல்லை. ஆகவே இங்குள்ள மீன்களும் பெரும்பாலும் ஆற்றுக்கும் சதுப்புக்கும் உரியவை. ஆப்பிரிக்க இனமாகிய திலாப்பியா 1952இல் விடப்பட்டபோது, குளத்தின் அகன்ற நீர்ப்பரப்பிலே தழைத்து உழவர் வீட்டுக் கறியானமைக்கு இதுவும் ஒரு காரணம்.

மாத்தளை மலைகளில் தோன்றும் அம்பன் கங்கை, பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரத்துக்கு நீரூட்டுகின்றது. வியன்னாவைச் சேர்ந்த ஷீமர் என்பாரும் இலங்கை அறிஞரும் அக்குளத்தை ஆராய்ந்த முடிவுகள் 1983இல் நூலாயின. வெப்பநாட்டுக் குளத்தை அதன் இடத்திலேயே ஆராய்ந்த அரிய முயற்சி அது.

எனினும் ஒரு குளத்தை மட்டும் அளந்தால் போதுமா? வறண்ட வலயத்தில் ஒரு குளத்தின் மிகைநீர் அடுத்த குளத்தை நிரப்பும். இவ்வாறு குளங்கள் தொடராக அமைந்துள்ளன. இத்தொடரை 1985இல் பேராசிரியர் மத்தும பண்டார விளக்கியுரைத்தார். 2017இல் உலக உணவு வேளாண்மை நிறுவனம் இதனை வேளாண் மரபுச் செல்வமாக ஏற்றது. குளத்தின் மேற்புறத்து மரச்சோலை காற்றைத் தடுத்து நீர் ஆவியாதலைக் குறைக்கும். புல்வெளி வண்டலை வடிகட்டும். கட்டின் கீழுள்ள செடிகொடிகள், கசியும் நீரின் உப்பு வயலைச் சேராமல் காக்கும். இவற்றை வீண்நிலமென எண்ணி வெட்டிப் பயிரிட்டால் குளம் தூரும், வயல் உவர்க்கும், கோடையில் ஊர் தவிக்கும்.

அம்பன் கங்கையோ மகாவலியோடு கலந்து, திருகோணமலைக் கொட்டியாரக் குடாவை அடைகின்றது. கடலோரக் களப்புகளில் நன்னீரும் உவர்நீரும் கலக்கும் அளவைப் பொறுத்தே இறால் குஞ்சுகள் வளரும். அம்பன் கங்கையின் குறுக்கே மொரகஹகந்த அணை எழுந்து, 2017இல் நீர் நிரப்பத் தொடங்கியது. மலையில் தேக்கும் நீருக்குக் கடற்கரையிலும் கணக்குண்டு. உழவனுக்கு நீர் வேண்டும், மீனவனுக்கும் வேண்டும். இருவர் தேவையையும் ஒருங்கே நிறுத்துப் பார்ப்பவர் யார்?

அப்பணிக்கே பட்டமேற்படிப்பு மாணவர் பயிற்சி பெறல் வேண்டும். நன்னீரை ஒருவரும் கடல்நீரை மற்றொருவரும் தனித்தனியே கற்றுப் பிரிவாராயின், ஆற்றின் கதை பாதியிலே நின்றுவிடும். ஆய்வுக்கூடக் குப்பியோடு புறப்படும் மாணவர், மடை திறக்கும் முதியவரையும் வலை வீசும் இளைஞரையும் உசாவுதல் நன்று. ஊரார் கண்டறிந்ததும் கருவி அளந்து கூறுவதும் ஒன்றையொன்று திருத்தும்போதுதான், நீரைப் பற்றிய கல்வி நீரைக் காக்கும் கல்வியாகும்.