நெல் இயக்கமும் கணினி ஒழுங்கும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேசப் புகுந்த பொருள் தமிழாசிரியனுக்குப் புறம்பானதாகத் தோன்றலாம். போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் கணினி மென்பொருளை ஒரு நிறுவனத்தின் தொழில்முறைக்கு ஏற்ப அமைத்துக்கொள்வது எங்ஙனம் என்பதே அது. ஆயினும், காவிரி பாயும் இந்நாட்டில் நெல்லோடு தொடர்பில்லாத குடும்பம் அரிது. நெல்லை ஏற்றி இறக்கும் முறை பிழைபடின் அதன் கேடு நம் வீட்டு வாயிலுக்கே வந்து சேர்கின்றது. ஆதலின் இதனை நாம் அறிந்து பேசுதல் கடமையாம்.

அம்மென்பொருள் செய்வது யாது? எவ்விடத்தில் எவ்வளவு சரக்கு உளது, எவ்விடத்திற்கு எவ்வளவு வேண்டும், வண்டிகள் எத்தனை, வழித்தொலைவு எவ்வளவு என்னும் இவற்றைக் கொண்டு, எவ்வண்டி எவ்வழியே எதனை ஏற்றிச் செல்லல் வேண்டும் என்று அது கணித்துரைக்கும். இக்கணக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்க நாட்டு ஹிட்ச்காக் என்னும் கணித அறிஞர் 1941-ஆம் ஆண்டிலேயே இதனை எழுதி வெளியிட்டார். அன்று தாளில் போட்ட கணக்கை இன்று கணினி நொடிப்பொழுதிற் போடுகின்றது, அவ்வளவே வேற்றுமை.

நம் நாட்டில் இதன் பயனைக் கண்கூடாகக் காணலாம். 2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மத்திய உணவுத்துறை ‘அன்ன சக்ரா’ என்னும் அமைப்பை வெளியிட்டது. உலக உணவுத் திட்டமும் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இதனை ஆக்குவதில் துணைநின்றன. கிடங்கிலிருந்து நியாயவிலைக் கடைக்குத் தானியம் செல்லும் வழிகளை இது சுருக்குகின்றது. 30 மாநிலங்களில் ஏறத்தாழ 4.37 லட்சம் கடைகளையும் 6,700 கிடங்குகளையும் கணக்கிற் கொண்டு, ஆண்டுக்கு 250 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அத்துறை மதிப்பிட்டது. இது போற்றத்தக்க முயற்சியே.

இனி, இதே அமைப்பை எடுத்து நம் ஊர்க் கொள்முதல் நிலையத்தின் தலையில் அப்படியே வைத்துவிடலாமா என்பதே வினா. வைத்தல் ஆகாது என்பது என் கருத்து. அஃது ஏன் எனின், கூறுவேன்.

கடைக்குச் செல்லும் அரிசி அளவுபட்டது. இத்தனை அட்டைக்கு இத்தனை மூட்டை என்று மாதந்தோறும் முன்னரே தெரியும். களத்திலிருந்து வரும் நெல்லோ அத்தகையதன்று. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபர்த் திங்களில் ஒருசேர வருகின்றது. அதே வேளையில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடுகின்றது. மத்திய அரசு வகுத்த ஈரப்பத வரம்பு நூற்றுக்கு 17. ஓரிரவு மழை பெய்தால் நேற்று ஏற்கத்தக்கதாய் இருந்த நெல் இன்று தள்ளத்தக்கதாகிவிடும். ஆகவே, அரிசிக்குத் தொலைவே செலவு. நெல்லுக்கு நாளே செலவு. குறைந்த தொலைவைத் தேடும் கணக்கு, நனையப்போகும் நெல்லைப் பின்னுக்குத் தள்ளி, அருகிலுள்ள நிலையத்துக்கு லாரியை அனுப்பிவிடும். கணக்கு சரியாகவே இருக்கும். நெல் முளைத்துப் போகும்.

2025-ஆம் ஆண்டு அக்டோபரில் நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. கொள்முதல் நிலையங்களில் மூட்டைகள் தேங்கின. தேங்கியவை நகராமையால் புதிய நெல் எடுபடவில்லை. உழவர் தம் நெற்குவியலைத் தார்ப்பாயால் மூடி இரவும் பகலும் காத்துக்கிடந்தனர். ஈரப்பதத்தை ஆராய மத்தியக் குழுவும் வந்தது. விளைச்சல் குறைந்ததனால் வந்த துன்பமன்று இது. விளைந்தது நகராததனால் வந்த துன்பம்.

நகர்த்துதல் எளிதோ எனின், அன்று. தஞ்சையிலிருந்து அரவைக்காக வெளிமாவட்டம் செல்லும் சரக்கு ரயில் ஒன்று ஏறத்தாழ 2,000 டன் நெல் கொள்ளும். 40 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் 50,000 மூட்டை. 20 டன் ஏற்றும் லாரியாயின் 100 நடை. இந்த 100 நடையும் ரயில் நிற்கும் நேரத்துக்குள் வந்து இறங்கல் வேண்டும். சுமைப்பணியாளர் இல்லையேல் லாரி இருந்தும் பயனில்லை; சாக்கு இல்லையேல் அவர் இருந்தும் பயனில்லை. வாய்க்காற்கரைச் சாலை மழையில் இளகிவிட்டால் பெரிய லாரி உள்ளே வாராது. சிறுவண்டியில் ஏற்றி, பெருஞ்சாலையில் மாற்றல் வேண்டும். இவையெல்லாம் நிலையத்துப் பட்டியல் எழுத்தருக்குத் தெரியும். சென்னையில் அமர்ந்து மென்பொருள் எழுதுவோர்க்குத் தெரியா.

அங்ஙனமாயின் பழைய வழக்கத்தையெல்லாம் அப்படியே கணினியில் ஏற்றிவிடலாமோ? அதுவும் தவறே. இவ்விடத்தில் நம் இலக்கணம் நமக்கு வழிகாட்டுகின்றது. வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாக நம் முன்னோர் பகுத்தனர். முறைப்படி நடப்பது வழாநிலை. முறை தவறுவது வழு. முறை தவறினும் தக்க காரணம்பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. நிறுவனத்தின் வழக்கங்களையும் இங்ஙனமே பகுத்தல் வேண்டும்.

முன்னே வந்த மூட்டை முன்னே செல்லுதல் வழாநிலை. மழை அறிவிப்பு வந்தவுடன், கூரையுள்ள நிலையத்தை நிறுத்திவைத்து, திறந்தவெளியிற் கிடக்கும் நெல்லை முதலில் எடுத்தல் வழுவமைதி. மென்பொருள் இதற்கு இடந்தருதல் வேண்டும். வேண்டியவர் ஊருக்கு லாரியை முதலில் அனுப்புதலும், வாய்மொழியாகவே ஆணையிட்டு எழுத்தில் வையாதிருத்தலும் வழு. மென்பொருள் இவற்றுக்கு இடந்தரலாகாது. வழுவமைதியை வழுவென்று தள்ளினால் அமைப்பு உடையும், உழவர் கெடுவர். வழுவை வழுவமைதியென்று கொண்டால் பழைய முறைகேடே புதிய கருவியில் விரைந்து நடக்கும். இப்பகுப்பைச் செய்தபின்னரே மென்பொருளில் கைவைத்தல் தகும்.

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-ஆம் ஆண்டு தோன்றியது. அரைநூற்றாண்டுப் பட்டறிவு அதன் ஊழியரிடம் இருக்கின்றது. அப்பட்டறிவைக் கேட்டு எழுதிக்கொண்டு, ஒரு வட்டத்தில் ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் நடத்திப் பார்த்து, பிழை கண்டு திருத்தி, பின்னர் எங்கும் பரப்புதலே முறை. மற்றொன்று: கணினி தனக்குச் சொல்லப்பட்டதையே அறியும். மாலையில் இருப்பு 3,000 மூட்டை என்று பதிந்து, களத்தில் 5,000 கிடந்தால், லாரி எண்ணிக்கை பிழைபடும். உண்மையைப் பதிந்தவருக்குத் தண்டனை வரும் என்ற அச்சம் இருக்குமளவும் உண்மை பதிவாகாது. ஆதலின் கருவியைத் திருத்துமுன் அவ்வச்சத்தை நீக்குதல் அதிகாரிகளின் கடமை.

நம் இளைஞர் பலர் கணினிக் கல்வி பயின்று வெளியூர்களில் பணிபுரிகின்றனர். விடுமுறையில் வரும்போது ஒருநாள் முழுதும் தம் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் அமர்ந்து, மூட்டை தைக்கப்படுவது முதல் லாரி புறப்படுவது வரை பார்க்கும்படி அவர்களை வேண்டுகின்றேன். ஊரிலுள்ளோர் நாள்தோறும் வந்த மூட்டை, சென்ற மூட்டை, தேங்கிய மூட்டை ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. அடுத்த குறுவைக்கு முன் அக்குறிப்பேட்டுடன் அதிகாரிகளைக் கண்டு பேசுவோம். வெறுங்கையோடு சென்று முறையிடுவதினும் அது பயன்தரும்.