அன்னையர் பணி



விடியுமுன் கூழ் காய்ச்சி, பிள்ளைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நடவுக்குச் சென்றவர்கள் நம் அன்னையர். இரவில் சிம்னி விளக்கருகே பிள்ளை உரக்கப் படிக்க, தாம் கற்காத பாடத்தைக் கேட்டபடியே பாத்திரம் துலக்குவார்கள். அந்த ஒரு நாழிகை அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. அது மெய்யான மனநிறைவுதான், நாம் மறுக்கவில்லை.

ஆனால், அந்நிறைவைப் புகழ்ந்துவிட்டுச் சும்மா இருப்பது நமக்கு எளிதாகிவிட்டது. அண்ணல் அம்பேத்கர் இலண்டனில் பயின்றபோது, பம்பாயில் வறட்டி தட்டிக் குடும்பம் காத்தவர் ரமாபாய் அம்மையார். பெற்ற ஐவரில் நால்வரைப் பறிகொடுத்தவர். பாகிஸ்தான் குறித்து 1940இல் தாம் எழுதிய நூலை அண்ணல் அவருக்கே காணிக்கையாக்கினார். அம்மையாரோ 1935இலேயே மறைந்துவிட்டார்.

நம் அன்னையர் பலர் இன்னும் நம்மோடிருக்கின்றனர். இன்றிரவு அவர்கள் அமர்ந்து பாடம் கேட்கட்டும். பாத்திரத்தை நாம் துலக்குவோம்.