கட்டிக்குப் பெயர் கூறும் இடங்கள்



இயலும் இசையும் மகிழ்விக்கும் ஆண்டு விழாவில் நோயைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். உற்றார் உறவினரைப் பிரிந்து இம்மும்பையில் வாழும் நாம், இடர் வருங்கால் எந்த வாயிலை நாடுவது என்பதை முன்னரே அறிந்திருத்தல் நன்று.

தசை, கொழுப்பு, நரம்பு ஆகிய மென்திசுக்களில் எழும் கட்டிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவையே. ஆயினும் 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதாகவோ, வளர்ந்து வருவதாகவோ, ஆழத்தில் அமைந்ததாகவோ இருப்பின் அதனை ஐயுறல் வேண்டும். முதலில் எம்.ஆர்.ஐ. படம், அடுத்து ஊசியால் சிறிது திசு எடுத்து நுண்ணோக்கியில் ஆய்தல், அதன் பின்னரே அறுவை. இதுவே முறை.

"ஊசி பட்டால் புற்று பரவும்" என்னும் அச்சம் நம் இல்லங்களில் வேரூன்றியுள்ளது. பயின்றோர் இடமறிந்து எடுக்கும் ஊசியால் அவ்வாறு நேர்வது மிக அரிது. இன்னதென்று அறியாமலே அருகிலுள்ள இடத்தில் அவசரமாக அறுத்தெடுப்பதே பெருந்தீங்கு. எச்சம் தங்கிவிடின் மீண்டும் பெரிதாக அறுக்க நேரும்.

இரைப்பை, குடல் ஆகியவற்றின் சுவரில் தோன்றும் 'ஜிஸ்ட்' என்னும் கட்டியை முன்னர்த் தசைக் கட்டி என்றே பலகாலும் கருதினர். 1998-இல் ஜப்பானிய அறிஞர் ஹிரோட்டாவும் அவர்தம் குழுவினரும் அதில் 'கிட்' என்னும் மரபணுவின் மாற்றத்தைக் கண்டனர். பின்னர் இமாட்டினிப் என்னும் மாத்திரை அந்நோயாளர் பலருக்கு வாழ்நாளை நீட்டித் தந்தது. கட்டியின் பெயர் பிழைபடின் மருந்தும் பிழைபடும் அன்றோ?

அப்பெயரைத் தேர்ந்து கூறும் நிலையங்கள் நம் நாட்டிலேயே உள்ளன. நம் பரேலில் 1941-இல் திறக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனை, இரத்தப் புற்றால் மறைந்த மெஹர்பாய் டாட்டா அம்மையாரின் நினைவோடு பிணைந்தது. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் தோன்றியது அடையாறு புற்றுநோய் நிலையம். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும், 1956-இல் நிறுவப்பெற்ற தில்லி எய்ம்ஸும் குறிப்பிடத்தக்கவை. இத்தகைய இடங்களில் திசு ஆய்வாளர், படம் காண்போர், அறுவை வல்லுநர், மருந்து வல்லுநர் ஆகியோர் ஒருங்கு கூடி முடிவு செய்கின்றனர்.

இன்னொன்று கூற விழைகின்றோம். ஊரில் ஆய்வு நடந்திருப்பின், மெழுகில் பதித்த திசுவாகிய 'பிளாக்'கையும் கண்ணாடிச் சில்லுகளையும் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அவற்றைப் பெரிய நிலையத்தில் மறுமுறை ஆய்ந்து பார்க்க இயலும். நோயாளி படுக்கையில் இருப்பினும் உறவினர் ஒருவர் கொண்டு செல்லலாம்.

ஊரிலிருந்து பரேலுக்கு மருத்துவம் நாடி வரும் குடும்பங்களுக்கு மொழி தெரியாமை பெருந்துன்பம். படிவம் நிரப்பவும் வரிசையில் உடன் நிற்கவும் நம் காலனி இளைஞர் முன்வரின், அதுவே இச்சங்கம் ஆற்றும் நற்றொண்டாகும்.